வாசகர் கேள்வி – பதில்: தூதரக மேசையிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு

சென்ற இதழில் இந்தியா – தென் கொரியா உறவைப் பற்றி எழுதும்போது, தென் கொரியாவின் வெளியுறவு அமைச்சராகவும் பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலராகவும் இருந்த பான் கி மூன் தம் வெளிநாட்டுப் பணியை டெல்லியில்தான் தொடங்கினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாசகர்கள் பலர் எழுதிவிட்டார்கள். அனைவரும் கேட்பது ஒரே மனிதரைப் பற்றி என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலர் ஆன பிறகுதான் அவர் பெயர் எங்கள் காதில் விழுந்தது. எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர் அவர்?

கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1944 ஜூன் 13 அன்று, வட சுங்சோங் மாகாணத்தின் உம்சோங் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பின்னர் சுங்ஜு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் கிடங்கு வைத்துத் தொழில் நடத்தி, அது நொடித்துப்போய், வீடு வறுமையைக் கண்டது. 1950-ல் கொரியப் போர் மூண்டபோது அவருக்கு ஆறு வயது. ஊரை விட்டு மலைப்பக்கம் ஓடி உயிர்பிழைத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. போர் ஓய்ந்த பின் ஐ.நா. அமைப்புகள் அனுப்பிய பாடநூல்களை வைத்துத்தான் படித்தேன் என்று பிற்காலத்தில் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். 1956-ல் ஹங்கேரி மக்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது, அவர்களுக்கு உதவுமாறு அன்றைய பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷீல்டுக்கு விடுத்த வேண்டுகோளைப் பள்ளியில் வாசிக்கும் பொறுப்பு இந்தப் பன்னிரண்டு வயது மாணவனுக்குத்தான் கிடைத்தது. ஹாமர்ஷீல்டு அமர்ந்த அதே நாற்காலியில் ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தாமே அமரப்போகிறோம் என்று அந்தச் சிறுவன் கனவிலும் கருதியிருக்க மாட்டான்.

ஆசிரியராக இருந்த தாங்கள் அவருடைய ஆங்கிலத்தின் கதையை ரசிப்பீர்கள். சுங்ஜுவில் அமைந்த உர ஆலைக்கு வந்திருந்த அமெரிக்கர்களைத் தேடிப்போய்ப் பேசிப் பேசியே அந்த மொழியைத் தம்வசப்படுத்திக்கொண்டார். செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய போட்டியில் வென்று, 1962-ல், பதினெட்டு வயதில் அமெரிக்கா சென்றார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடும்பத்தோடு தங்கினார். பல நாட்டு மாணவர்களோடு வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடியைச் சந்தித்த அந்தப் பயணத்தில், என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டவரிடம் தூதர் ஆக வேண்டும் என்று சொன்னார். சொன்னதை மறக்காமல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படித்து 1970-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வெளியுறவுப் பணித் தேர்விலும் உயர்ந்த மதிப்பெண்ணுடன் தேறி அமைச்சகத்தில் சேர்ந்தார்.

காரைக்குடி, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: அவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றவர் அமெரிக்காவைக் கேட்காமல் டெல்லிக்கு வந்தது ஏன்? அக்காலத்தில் டெல்லி ஒதுக்குப்புறமான பணியிடம் அல்லவா?

காரணம் குடும்பச் சூழல்தான். அமெரிக்காவில் வாங்குகிற சம்பளம் அங்கேயே செலவாகிவிடும், டெல்லியில் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு இந்தியாவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். மூத்த பிள்ளையின் கடமை அது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் வழிவந்த நம் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

1972-ல் துணைத் தூதரக அதிகாரியாக வந்தார். அப்போது இந்தியாவுக்கும் தென் கொரியாவுக்கும் இடையே 1962 முதல் துணைத் தூதரக அளவிலான உறவு மட்டுமே இருந்தது. முழுமையான தூதரக உறவு 1973 டிசம்பர் 10 அன்றுதான் ஏற்பட்டது. அதே நாளில் வட கொரியாவுடனும் இந்தியா உறவு ஏற்படுத்திக்கொண்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், டெல்லி ஒதுக்குப்புறம் அல்ல என்பது தங்களுக்கு விளங்கும். அணிசேரா நாடுகளின் ஆதரவு யாருக்கு என்று இரண்டு கொரியாக்களும் முட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் போட்டிக்கு டெல்லி முக்கியமான களமாக இருந்தது. சிறிய அலுவலகம், குறைந்த ஆட்கள், தலைக்கு மேல் வேலை. ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் பேரேடு எழுதுவதிலிருந்து வரவுசெலவுக் கடிதம் வரைவது வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொண்டு அடுத்தாளாக உயர்ந்ததைப் போல, இளம் அதிகாரிக்கு அங்கே எல்லா வேலையும் கைக்கு வந்தது. பானின் மகனும் டெல்லியில்தான் பிறந்தார்.

டெல்லியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ரோ ஷின் யோங், இந்த இளைஞரின் உழைப்பை மனத்தில் குறித்துவைத்துக்கொண்டார். 1985-ல் ரோ ஷின் யோங் பிரதமரானபோது, ஹார்வர்டில் பொது நிர்வாகம் படித்து முடித்திருந்த பானைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார். பெரிய தூதரகத்தில் பலருள் ஒருவராக இருந்திருந்தால் அந்தக் கண்ணில் அவர் பட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். எனவே பணியிடத்தின் பெயரை வைத்து மனம் தளர வேண்டாம் என்பதே தங்களுக்கு நான் சொல்ல விரும்புவது.

அதன் பின் வரிசையாகப் பல பதவிகள்: ஐ.நா.வில் தென் கொரியா பார்வையாளராக மட்டும் இருந்த காலத்தில் நியூயார்க் அலுவலகம், சியோலில் ஐ.நா. பிரிவு, இரண்டு முறை வாஷிங்டன், இடையில் அமெரிக்க விவகாரங்களின் தலைமை இயக்குநர். 1992-ல் இரு கொரியாக்களின் கூட்டு அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் துணைத் தலைவராகவும், 1996-ல் குடியரசுத் தலைவரின் பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்தார். 1998-ல் ஆஸ்திரியாவுக்குத் தூதரானார். வியன்னாவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தின் ஆயத்த ஆணையத்துக்கும் தலைமை ஏற்றார்.

கண்டனூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: தேர்தலில் நிற்காமல் ஓர் அதிகாரி நேராக அமைச்சராக முடியுமா? நம் ஜெய்சங்கரைப் போன்றதுதானா இதுவும்?

ஒப்பிடலாம்; ஆனால் சட்டம் வேறு. தென் கொரியாவில் ஆட்சித் தலைமை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. பிரதமரின் பரிந்துரையின் பேரில் அமைச்சரை அவர் நியமிக்கிறார்; அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது அமைச்சராகப் போகிறவரை நாடாளுமன்றக் குழு விசாரித்து அறிக்கை தருகிறது. ஆயினும் சாதகமான அறிக்கை கிடைக்காவிட்டாலும் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். இந்தியாவில் ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையின் உறுப்பினராகிவிட வேண்டும். 2015 முதல் 2018 வரை வெளியுறவுச் செயலராக இருந்த ஜெய்சங்கர், 2019 மே மாதம் அமைச்சராகி, ஜூலையில் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானது அதனால்தான்.

ஜெய்சங்கருக்கு முன்னோடியாக நட்வர் சிங்கைச் சொல்ல வேண்டும். 1953-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, பின்னர் அரசியலுக்கு வந்து, 2004 மே மாதம் வெளியுறவு அமைச்சரானார். பான் அதே ஆண்டு ஜனவரியில் அமைச்சரானவர். ஆக, ஒன்றரை ஆண்டுக் காலம் இரண்டு நாடுகளின் வெளியுறவுத் துறையும் ஒரே சமயத்தில் முன்னாள் தூதர்களின் கையில் இருந்தது. இன்னொன்றும் தங்களுக்கு ஆர்வமாக இருக்கும்: 2025 ஜூலையில் தென் கொரிய வெளியுறவு அமைச்சரான சோ ஹியூன், 2015 முதல் 2017 வரை டெல்லியில் தூதராக இருந்தவர்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: நடுவில் ஒரு முறை அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று என் பேரன் சொல்கிறான். நீக்கப்பட்டவர் எப்படி அமைச்சரானார்?

பேரன் சொன்னது உண்மைதான், ஆச்சி. அவருடைய முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான அரசுப் பணியில் நான் மிகவும் கவனித்துப் படித்த பகுதியும் அதுவே.

2001-ல் பான் வெளியுறவுத் துணை அமைச்சர். பெயரில் அமைச்சர் இருந்தாலும் அது நம் ஊர் வெளியுறவுச் செயலருக்கு ஒப்பான அதிகாரிப் பதவி. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் புடின் சியோலுக்கு வந்தார். குடியரசுத் தலைவர் கிம் டே ஜுங்கும் அவரும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட 1972-ஆம் ஆண்டு ஒப்பந்தம் உலக நிலைத்தன்மைக்கு அடிப்படை என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாடு தழுவிய ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ விரும்பிய அவருடைய அரசுக்கு அந்த ஒப்பந்தம் முட்டுக்கட்டை. அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடு ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின; கிம் டே ஜுங் மறு வாரமே வாஷிங்டன் செல்ல வேண்டியிருந்தது. அங்கே அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. திரும்பி வந்த சில வாரங்களில் வெளியுறவு அமைச்சர் மாற்றப்பட்டார், பானும் பதவி இழந்தார்.

அந்த வரி புதிதாக எழுதப்பட்டது அல்ல என்பதுதான் இதில் என்னை வருத்துகிறது. முந்தைய ஆண்டு ஜப்பானின் ஒகினாவாவில், புஷ்ஷுக்கு முன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கிளிண்டனும் பங்கேற்ற எட்டு நாடுகள் மாநாட்டின் அறிக்கையிலும் ஏறக்குறைய அதே வாசகம் இடம்பெற்றிருந்தது. ஆள் மாறியதும் அதே வாசகம் குற்றமாகிவிட்டது. வரைவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்தவர் அதை முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. பானும் அதைத் தம் வாழ்வின் பெரிய தவறு என்றே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் தண்டனை அளவுக்கு மீறியது என்பது என் கருத்து.

வேலையில்லாமல் இருந்தவருக்கு எதிர்பாராத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிய அமைச்சர் ஹான் சுங் சூ அந்த ஆண்டு ஐ.நா. பொதுச்சபையின் தலைவராகத் தேர்வானார். தம் அலுவலகத்தை நடத்தப் பானை அழைத்தார். துணை அமைச்சராக இருந்தவருக்கு அது ஒரு படி கீழான வேலை. மறுக்காமல் நியூயார்க் போனார். செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. மறுநாள் ஹான் தலைமையில் கூடிய சபை முதல் வேலையாகத் தாக்குதலைக் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பதவி இறக்கம் போலத் தோன்றிய அந்த ஓராண்டில் ஐ.நா.வின் உள்கட்டமைப்பும், நாடுகளின் தூதர்களும், அவர்கள் எதற்கு இசைவார்கள் எதற்கு முரண்டுபிடிப்பார்கள் என்பதும் அவருக்கு அத்துப்படியாயின. 2003-ல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ரோ மூ ஹியூன் அவரை வெளியுறவு ஆலோசகராக வைத்துக்கொண்டார். மறு ஆண்டு ஜனவரியில், குடியரசுத் தலைவருக்கும் வெளியுறவு அமைச்சக அதிகாரிகளுக்கும் இடையே எழுந்த மனக்கசப்பில் பேராசிரியராக இருந்து அமைச்சரான யூன் யோங் குவான் விலக, அமைச்சகத்தை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் பான் அமைச்சரானார், ஆச்சி.

புதுவயல், வாசகி: என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். வெளியுறவு அமைச்சர் என்றால் மாநாடுகளும் கைகுலுக்கல்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் எளிய மக்களுக்கு என்ன செய்தார்?

தங்கள் கேள்வி அவருடைய அமைச்சர் காலத்தின் மிகக் கசப்பான நிகழ்ச்சியைத் தொடுகிறது. 2004-ல் அமெரிக்கப் படைக்குப் பொருள் வழங்கும் கொரிய நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இளைஞர் ஒருவர் ஈராக்கில் கடத்தப்பட்டார். தென் கொரியா ஈராக்குக்குப் படை அனுப்பக் கூடாது என்பது கடத்தியவர்களின் கோரிக்கை. அரசு இணங்கவில்லை, ஜூன் 22 அன்று அவர் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு வெளிவந்த செய்திதான் நாட்டைக் கொந்தளிக்க வைத்தது. ஜூன் தொடக்கத்திலேயே அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று வெளியுறவு அமைச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பெயருடைய கொரியர் யாரேனும் ஈராக்கில் காணாமல் போயிருக்கிறாரா என்று கேட்டிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை என்று பதில் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். யாரும் அதை மேலே கொண்டு போகவில்லை. அந்த அழைப்பைப் பொருட்படுத்தியிருந்தால் பேச்சுவார்த்தைக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் கிடைத்திருக்கும். தணிக்கை வாரியமும் நாடாளுமன்றமும் விசாரித்தன. பான் பதவி விலக வேண்டும் என்ற குரல் வலுத்தது. குடியரசுத் தலைவர் அவரை நீடிக்கச் செய்தார்.

அதிகாரியாக இருந்தவருக்கும் அமைச்சருக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். 2001-ல் கோப்பில் நேர்ந்த பிழைக்குக் குடியரசுத் தலைவர் உலகத்தின் முன் நின்றார். 2004-ல் எங்கோ ஒரு மேசையில் தவறவிட்ட தொலைபேசி அழைப்புக்குப் பானே மக்கள் முன் நிற்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு, 2005-ல், வெளிநாட்டிலுள்ள கொரியர்கள் எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி உதவி மையத்தை அமைச்சகம் திறந்தது. ஓர் உயிர் போன பிறகு வந்த ஏற்பாடுதான். ஆனாலும் அது இன்றும் நடக்கிறது, வெளிநாட்டில் கடவுச்சீட்டைத் தொலைத்தவரும் விபத்தில் சிக்கியவரும் முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான். தங்கள் கணவர் குவைத்திலுள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள். வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வட கொரிய அணு ஆயுதச் சிக்கலில் ஆறு நாடுகள் பெய்ஜிங்கில் நடத்திய பேச்சு, 2005 செப்டம்பர் 19 அன்று கூட்டறிக்கையாக முடிந்ததும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான். வட கொரியா அணு ஆயுதங்களைக் கைவிடுவதாக அதில் ஒப்புக்கொண்டது, அது நிலைக்கவில்லை.

கோட்டையூர், வணிகர்: நம் சசி தரூரை அவர் வென்றது எப்படி?

2006-ல் ஆசியாவின் முறை வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆசியப் பொதுச்செயலர், நம் முன்னோர் வட்டிக்கடை வைத்திருந்த ஐராவதி டெல்டாவில் பிறந்த பர்மாவின் ஊ தாண்ட். அவர் 1971-ல் பதவி விட்டிறங்கிய பின் வந்த ஆசியாவின் வாய்ப்பு அது. ஐ.நா.வில் துணைப் பொதுச்செயலராக இருந்த சசி தரூர் மேடைப் பேச்சிலும் எழுத்திலும் பானை விடப் பல படி மேல். ஆனால் பொதுச்செயலரைத் தேர்வு செய்வது பாதுகாப்பு அவை. அதிலும் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலும் கதை முடிந்தது. அமைச்சராக இருந்த வசதியால் பான் அந்த அவையின் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் நேரில் போய் வந்தார். அவை நடத்திய நான்கு முன்னோட்ட வாக்கெடுப்புகளிலும் அவரே முதலிடம். அக்டோபர் 2 அன்று நடந்த கடைசி வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவு 14, எதிர்ப்பு எதுவும் இல்லை. தரூருக்கு ஆதரவு 10, எதிர்ப்பு மூன்று, அவற்றுள் ஒன்று நிரந்தர உறுப்பு நாட்டினுடையது. தரூர் கண்ணியமாக விலகிக்கொண்டார். வாக்குகளுக்காகக் கொரியா சில நாடுகளுக்கு உதவிகளை அறிவித்தது என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. பான் அதை மறுத்தார்.

பாதுகாப்பு அவை அவர் பெயரை முறைப்படி முன்மொழிந்த அக்டோபர் 9 அன்றுதான் வட கொரியா தன் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. தாம் அமைச்சராக இருந்து உழைத்த பேச்சுவார்த்தை குலைந்த செய்தியும், உலகப் பதவி கைகூடிய செய்தியும் ஒரே நாளில் வந்தன. நவம்பரில் அமைச்சர் பதவியை விட்டு, 2007 ஜனவரி 1 முதல் 2016 டிசம்பர் 31 வரை பத்தாண்டுகள் பொதுச்செயலராக இருந்தார்.

காரைக்குடி, வாசகர்: அவர் ஏன் நாட்டின் தலைவராகவில்லை?

முயன்றார். 2017 ஜனவரியில் நாடு திரும்பி ஆதரவு திரட்டத் தொடங்கி, மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 1 அன்று போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். கொரியச் செய்தியாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘எண்ணெய் பூசிய விலாங்கு’. எந்தக் கேள்விக்கும் பிடிகொடுக்காத அந்தப் பண்பு தூதருக்கு நல்லது, தேர்தல் களத்தில் நிற்பவருக்கு ஆகாது.

கானாடுகாத்தான், பள்ளி ஆசிரியை: என் மகள் வெளியுறவுப் பணியை விரும்புகிறாள். கொரியாவில் பெண்கள் இந்தப் பதவிக்கு வந்ததுண்டா? தேர்வு எழுதித்தான் வர வேண்டுமா?

பான் எழுதிய அந்த வெளியுறவுப் பணித் தேர்வு முறை 2013-ல் முடிவுக்கு வந்தது. இப்போது தேசியத் தூதாண்மைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுத்து, அங்கே பயிற்சி அளித்துப் பணியில் சேர்க்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வை எழுதாமலே அமைச்சரான ஒருவர் உண்டு, அவர் பெண் என்பது தங்கள் மகளுக்கு மகிழ்ச்சி தரும். காங் கியூங் வா, குடியரசுத் தலைவர் கிம் டே ஜுங்குக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருந்து கவனம் பெற்று, வெளியுறவு அமைச்சகத்தில் இடம் பிடித்து, ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகத்திலும் மனிதநேய உதவி அலுவலகத்திலும் உயர்பொறுப்பில் இருந்தவர். 2017 ஜூனில் குடியரசுத் தலைவர் மூன் ஜே இன், நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை கிடைக்காத நிலையிலும் அவரை நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2021 பிப்ரவரி வரை நீடித்தார். 2025-ல் வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். தங்கள் மகளுக்கு இந்தியாவில் அப்படிப்பட்ட குறுக்கு வழி எதையும் நான் காட்ட முடியாது: யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வே வாசல், விருப்ப வரிசையில் வெளியுறவுப் பணியை முதலில் குறிப்பிடட்டும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் எழுதலாம்; முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடம் உண்டு.